ஐகோர்ட்ராஜா டிரைவ் திறந்த கதை

கோவில்பட்டியில் பொய்யே சொல்லாத ஆள் யார் என்று கேட்டால், ஐகோர்ட்ராஜா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். குலசாமி பெயரை அப்படியே வைத்திருந்தார்கள். "நம்ம பேருக்கு ஏத்த மாதிரி, நாம ஒண்ணு சொல்லிட்டா அதுக்கு மேல்முறையீடு கெடையாது" என்பார். எட்டயபுரம் சாலையில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை. வெளியே 'ஐகோர்ட் கம்ப்யூட்டர்ஸ்' என்று பலகை. உள்ளே குடல் சரிந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள் இருபது. நடுவில் ஒரு சுழல் நாற்காலி, அதில் அவர்.

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு செண்பகவல்லி ஒரு சிபியூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பின்னாலேயே பைக்கில் அவள் அண்ணன் மந்திரமூர்த்தி. ஒரே வேலைக்கு அண்ணனும் தங்கையும் இரண்டு வண்டியில் வந்தார்கள் என்பதிலேயே விஷயம் இருக்கிறது.

விஷயம் இதுதான். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் கழுகுமலைக் கோவிலில் செண்பகவல்லியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் மந்திரமூர்த்தி. அவனோ இரண்டு வருஷமாக முறுக்கிக்கொண்டு திரிகிறான். தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தனக்கு மேடையில் மாலையே போடவில்லை என்பது அவன் கட்சி. போட்டோமே என்பது அவர்கள் கட்சி. கல்யாண வீடியோவைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வீடியோ எடுத்தவர் ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். அவர் கொடுத்த இரண்டு டிஸ்கில் ஒன்றைப் பெரியம்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனாள். அது அவள் சம்பந்தி வீட்டுக்குப் போய், அங்கிருந்து எந்த ஊருக்குப் போனதென்று தெரியவில்லை. இன்னொன்று இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்றாள் செண்பகவல்லி. டிரைவ் திறக்க மாட்டேன் என்கிறது.

"டிஸ்க்ல மாலை தெரிஞ்சா நாளைக்கு மடி. தெரியலையா, வேற மடி பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டான் மந்திரமூர்த்தி.

அவன் அப்படித்தான். பைபாஸ் ரோட்டு எடை மேடையில் பதினாலு வருஷ வேலை. லாரி ஏறும், எண் தெரியும், சீட்டில் எழுதுவான். எண் தெரியாமல் எதையும் எழுதியதும் இல்லை, நம்பியதும் இல்லை.

"என்ன கோளாறு, தங்கச்சி?" என்றார் ஐகோர்ட்ராஜா.

"டிரைவர் அப்டேட் பண்ணச் சொல்லி வந்துச்சு அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக பண்ணுனாக. அன்னையிலேருந்து டிரைவ் கம்ப்யூட்டர்லயே காங்கல. பொத்தானை அமுக்குனா 'ங்ங்ங்'னு முக்குது. தட்டு வெளிய வரல."

"என்னைக்குப் பண்ணுனாரு?"

"ஆயுத பூஜை அன்னைக்கு. நல்ல நேரம் பாத்துத்தான் பண்ணுனாக."

"அதான் இதோட போச்சு. ராகு காலத்துல பண்ணியிருந்தா வீடே திறந்திருக்காது."

பெட்டியின் நெற்றியில் அந்தப் பூஜையின் அடையாளம் ஒரு மாசமாகியும் அப்படியே இருந்தது. மூன்று விரலால் தாராளமாக இழுத்த சந்தனப் பட்டை, நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். ஐகோர்ட்ராஜா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமிப் பொட்டு. அடுத்த பூஜை வரைக்கும் நகம் படக் கூடாது" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பி, முதுகுப்பக்கம் வயர்களைச் சொருகினார்.

திரை எழுந்தது. அவர் இரண்டு மூன்று இடத்தில் கிளிக் செய்தார். ஒரு பட்டியலில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி உட்கார்ந்திருந்தது.

"மாட்டிக்கிட்டாரு. தங்கச்சி, டிரைவர்னா என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் பொண்ணு வீடு. டிரைவ் மாப்ள வீடு. ரெண்டு வீடும் நேர்ல பேசிக்கிடாது. நடுவுல ஒரு தரகர் வேணும். அவருதான் டிரைவர். பழைய தரகர் ஒழுங்காத்தான் இருந்தாரு. அவரை அனுப்பிட்டுப் புதுசா ஒருத்தரைக் கூப்பிட்டீக. அவருக்கு மாப்ள வீட்டுக்கு வழி தெரியல. அவரைத் தூக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுனா சரியாப் போச்சு."

ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. பழைய பெட்டி. வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் இதற்கும் நடுவே இடுப்பளவு பிளைவுட் தடுப்புதான். அதற்கு மேலே ஜெராக்ஸ் கடை எஸ்தரின் தலை எழுந்தது. "ரீஸ்டார்ட் போட்டுட்டாரா? செண்பகம், காதைப் பொத்திக்கோ."

"இவ கெடக்கா" என்று ஐகோர்ட்ராஜா நாற்காலியில் சாய்ந்தார். "இது என்ன கோளாறு? ரெண்டாயிரத்து ரெண்டுல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஒரு கோளாறு வந்துச்சு பாரு. இதே மாதிரி டிரைவர் அப்டேட். ஆனா புது டிரைவருக்கு டிரைவைச் சுத்தச் சொல்லத்தான் தெரியும். நிறுத்தச் சொல்லத் தெரியாது. டிஸ்க் சுத்துது. முதல்ல 'உய்ய்ய்'னு விசில். பத்து நிமிஷத்துல 'ஊஊஊ'ன்னு மில்லு சங்கு மாதிரியே ஊத ஆரம்பிச்சிருச்சு. ஷிப்ட் முடிஞ்சுதுன்னு ஆயிரம் பேரு வேலையப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ட்டான். அடுத்த ஷிப்டுக்காரன் உள்ள வந்தான். மறுபடியும் 'ஊஊஊ'. அவனும் போய்ட்டான். ஒரே காலையில மூணு ஷிப்டும் முடிஞ்சுபோச்சு."

செண்பகவல்லி புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இன்னும் சுற்றின.

"நான் போறதுக்குள்ள பெட்டி மேசையோட கெளம்பிருச்சு. மேசை மேல கையூனி உக்காந்திருந்த மேனேஜரும் சேந்து மேல போய்ட்டாரு. முகட்டுல முட்டிக்கிட்டு நிக்காக. மேலேருந்தே மேனேஜர் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்காரு. நான் நூல்கண்டு மேல நூல்கண்டு அடுக்கி ஏறிப் போயி, சுத்துற டிஸ்க் மேல இந்தக் கட்டைவிரலை வச்சேன். நின்னுச்சு. பாரு, விரல்ல ரேகையே கெடையாது."

எஸ்தர் தடுப்புக்கு மேலே எட்டி அந்த விரலைப் பார்த்தாள். "ரேகை இருக்கே?"

"பெறகு வளந்துச்சு."

வாசல் பக்கம் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்தி முதல் தடவையாக வாயைத் திறந்தான். "சிபியூ எட்டு கிலோ. மேசை இருபத்தஞ்சு. மேனேஜர்?"

"தொண்ணூறு இருப்பாரு."

"நூத்தி இருபத்திமூணு கிலோ. டிஸ்க் ஒண்ணு பதினஞ்சு கிராம். தூக்காது."

"தம்பி, அவரு அன்னைக்குச் சாப்பிடல."

அதற்குள் கம்ப்யூட்டர் விழித்தது. காணாமல் போன டிரைவின் படம் திரையில் வந்து சாதுவாக நின்றது. செண்பகவல்லிக்கு உயிர் வந்தது. பொத்தானை அமுக்கினாள். பெட்டி 'ங்ங்ங்' என்று முக்கியது. தட்டு வரவில்லை.

"தரகர் வந்துட்டாரு. மாப்ளதான் கதவைத் தெறக்க மாட்டேங்கான்" என்றார் ஐகோர்ட்ராஜா. "பழைய தரகரையே கூப்பிடுவோம்." அவர் ஏதோ ஒரு பழைய சிடியைத் தேடி, டிரைவே திறக்காதபோது அதை எங்கே போடுவது என்று உணர்ந்து, மேசைக்கு அடியில் நழுவவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பழைய டிரைவரைப் பென் டிரைவில் ஏற்றிச் சொருகினார். மறுபடியும் ரீஸ்டார்ட். மறுபடியும் புள்ளிகள்.

செண்பகவல்லியின் போன் அடித்தது. வீட்டுக்காரன் கதிர்வேல். அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஆசாரிக்குச் சொல்லியாச்சு, வேன் சொல்லியாச்சு, பூ சொல்லியாச்சு. மச்சான் என்ன சொல்லுதாரு?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். "டிரைவ் இன்னும் தெறக்கலைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"கவலைப்படாத தங்கச்சி" என்றார் ஐகோர்ட்ராஜா. "டிரைவர் கோளாறுன்னா பயப்படக் கூடாது. அதையே வேலைக்கு வச்சிக்கிடணும். ஒரு தடவை நையாண்டி மேளக்காரர் ஒருத்தர் வந்தாரு. பாட்டு பூராத்தையும் ஒரு மணி நேரத்துல டிஸ்க்ல ஏத்தித் தரணும்னு நிக்காரு. ஊர்ல டிஸ்க் இல்ல. எந்தக் கடையிலயும் இல்ல. எங்கிட்ட இருந்த டிரைவுக்கு அப்ப ஒரு அப்டேட் வந்திருந்துச்சு. அதுலேருந்து அதுக்கு எது டிஸ்க், எது டிஸ்க் இல்லேன்னு தெரியாது. வட்டமா இருந்தாப் போதும். நான் எதுத்த கடையில ஒரு பரோட்டா வாங்கிட்டு வந்து உள்ள தள்ளுனேன்."

"தள்ளுவீக" என்றாள் எஸ்தர்.

"டிஸ்க்ல எத்தனை அடுக்கு? மிஞ்சிப்போனா ரெண்டு. பரோட்டால எண்ணிப் பாத்திருக்கியா? எழுபத்திரெண்டு! அவரு பாட்டு, அவங்க அப்பா பாட்டு, தாத்தா பாட்டு, எல்லாம் ஏறி இன்னும் இடம் கெடக்கு. பொட்டலம் கட்டிக் குடுத்து அனுப்புனேன். வீட்டுல அவரு மச்சினன் விவரம் தெரியாம சால்னா ஊத்திச் சாப்பிட்டுட்டான். அப்பறம் அவன் கொட்டாவி விட்டா நாயனம். தும்முனா தவில். இப்ப அவன் ஒத்தை ஆளாக் கோவில் கொடைக்கு வாசிக்கப் போறான். சித்திரையிலேருந்து ஆடி வரைக்கும் அவன் தேதி கெடைக்காது."

"சால்னா ஊத்துனா பாட்டு அழிஞ்சிராதா?"

"சால்னா ஊத்துனா ஸ்டீரியோ."

ஸ்டூல் அரை அடி முன்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. "பரோட்டா ஒண்ணு எண்பது கிராம்" என்றான் மந்திரமூர்த்தி. "பதினஞ்சு கிராமுக்குச் செஞ்ச மோட்டார் அதைச் சுத்தாது."

"நீ எண்ணெயப் பிழியாம நிறுத்துன எடையச் சொல்லுத தம்பி."

மந்திரமூர்த்தி பல்லைக் கடித்தான். தவறான எடையைக் கேட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. வீட்டில் அரை கிலோ தக்காளியை அவன் அம்மா 'ஒரு கிலோ இருக்கும்' என்று சொன்னால்கூட எழுந்துபோய்க் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். செண்பகவல்லிக்கு அது தெரியும். ஆனால் அவள் மனசு அப்போது அதில் இல்லை.

இரண்டாவது ரீஸ்டார்ட்டும் முடிந்தது. படம் இருந்தது, பொத்தான் இருந்தது, 'ங்ங்ங்' இருந்தது. தட்டு மட்டும் இல்லை.

"அப்ப கடைசி வைத்தியம்" என்றார் ஐகோர்ட்ராஜா. "கம்பெனிக்காரன் புதுசா விட்டதை நேரா நெட்லேருந்து எறக்குவோம்." இறங்கியது. தொண்ணூற்றெட்டு சதவீதம் வந்து, அங்கேயே படுத்துவிட்டது.

"இந்தத் தொண்ணூத்தெட்டை எனக்கு நல்லாப் பழக்கம். நெட்டு எங்கேருந்து வருது? கடலுக்கு அடியில கேபிள்ல வருது. ஒரு தடவை இதே மாதிரி நின்னுச்சு. நான் நேரா தூத்துக்குடி போயி, வேட்டியத் தார்பாச்சிக் கட்டிக் கடல்ல எறங்கிட்டேன். கேபிளைத் தடவிக்கிட்டே போறேன், போறேன், ஒரு எடத்துல ஓட்டை. மீதி ரெண்டு சதவீதம் அது வழியா ஒழுகிப்போயி, ஒரு சீலா மீன் அதை முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது. அதைப் புடிச்சு ஐஸ் பெட்டியில வச்சு, பஸ்ல கொண்டாந்து, வாலை யுஎஸ்பில சொருகுனேன். ஏறல."

"ஏறலையா?" என்றாள் எஸ்தர். அவளுக்கே இது வருத்தமாகத்தான் இருந்தது.

"திருப்பிச் சொருகுனேன். ஏறிருச்சு. நூறு சதவீதம். மத்தியானம் குழம்பு. இன்ஸ்டால் ஆன மீனுக்கு ருசியே தனி."

"மீன் எத்தனை கிலோ?" இப்போது ஸ்டூல் மேசைக்கு அருகிலேயே வந்திருந்தது.

"நானூறு."

"சீலா பத்துப் பதினஞ்சு கிலோவுக்கு மேல எந்த லாரியிலயும் நான் பாத்ததில்ல. நானூறு கிலோன்னா அது கன்னுக்குட்டியோட நிக்குற எருமை."

"நீந்துற எருமையா இருக்கும்" என்றார் ஐகோர்ட்ராஜா, கொஞ்சம்கூட அசராமல்.

தொண்ணூற்றெட்டு திடீரென்று நூறானது. ரீஸ்டார்ட். புள்ளிகள். செண்பகவல்லி கண்ணை மூடி கழுகுமலை முருகனை நினைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

ங்ங்ங்.

அவள் அழவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "அண்ணாச்சி, கதையெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு எம் புள்ளைய நான் யாரு மடியில கொண்டுபோய் வைக்க?"

ஐகோர்ட்ராஜா அரை நிமிஷம் பேசாமல் இருந்தார். அவரை இருபது வருஷமாகத் தெரிந்த எஸ்தர், ஆள் மயங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு டிஸ்க்?" என்று நிமிர்ந்தார். "ஒங்க கல்யாணத்துக்கு நானே வந்திருந்தேனே."

"நீங்க அந்த மாசம் பூரா கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரிலல்ல கெடந்தீக?" என்றாள் எஸ்தர்.

"கட்டிலோட வந்தேன். பந்தியில கட்டிலுக்குத் தனி இலை போட்டாக. தம்பிக்கு மாலை போட்டதை இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். அது என்ன மாலையா? தோவாளையிலேருந்து லாரியில வந்து எறங்குச்சு. மூணு டன்! ஆள் தூக்க முடியல, கிரேன் வந்துச்சு. தம்பி கழுத்துல எறக்குனதும் மேடை நாலடி பூமிக்குள்ள போயிருச்சு. மாப்ளைக்குத் தலை மட்டும்தான் வெளிய தெரியுது. பள்ளத்துலேருந்துதான் தாலி கட்டுனாரு. மூணு டன் மாலை, ஒரு இதழ் உதிரல—"

"வே!" என்று மந்திரமூர்த்தி எழுந்தே விட்டான். வயசுக்குக் கொடுக்கும் மரியாதைகூட அவனுக்கு மறந்துபோயிற்று. "ஒமக்கு எடைன்னா என்னன்னே தெரியாதா? மூணு டன்னாம்! ஒண்ணேகால் கிலோ. வாடுன ரோசாப்பூ, இடையில சம்பங்கி, அடியில ஒரு சரிகைக் குஞ்சம். கழுத்துல விழுந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஒண்ணேகாலுக்கு மேல ஒரு கிராம் கெடையாது. மாப்ளையோட சித்தப்பாவுக்குப் போட்டாக பாரும், அதுதான் ரெண்டு—"

அங்கே நின்றுவிட்டான்.

ஜெராக்ஸ் மிஷினும் நின்றது. மேலே மின்விசிறி மட்டும் 'கிடுக் கிடுக்' என்றது.

"ரெண்டு என்னண்ணே?" என்றாள் செண்பகவல்லி.

"ரெண்டு கிலோ" என்றான் அவன், தரையைப் பார்த்து. "அதையும் எனக்கு முன்னாடி போட்டாக."

"அப்ப மாலை போட்டாக" என்றாள் எஸ்தர்.

"போட்டாக. போட்ட மாதிரி இல்ல."

இரண்டு வருஷம். ஒரு தீபாவளிக்கு வரவில்லை, வளைகாப்புக்கு வாசலோடு போனான், பிள்ளை பிறந்ததற்கு ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்காராமலே திரும்பினான். எல்லாம் முக்கால் கிலோ பூவுக்காக. செண்பகவல்லிக்குச் சிரிப்பதா, அந்தப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போடுவதா என்று தெரியவில்லை. எட்டு கிலோதான் என்று அவனே சொல்லியிருந்தான்.

"நாளைக்கு மொத மாலை ஒனக்குத்தான்" என்றாள். "சித்தப்பா வந்தா வரிசையில நிக்கட்டும். நீயே பூக்கடைக்குப் போயி, நீயே நிறுத்து, நீயே வாங்கிட்டு வா."

மந்திரமூர்த்தி யோசித்தான். "ரெண்டேகால் கிலோ போதும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை மணிக்கு வேன்?" என்றான்.

"ஆறரைக்கு."

"பாத்தீகளா?" ஐகோர்ட்ராஜா நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நின்றார். "டிரைவைத் தெறக்காமலே உள்ள இருக்க டிஸ்க்கைப் படிச்சுக் காட்டிட்டேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மந்திரமூர்த்தி, பெட்டியின் மேல் குனிந்து அதையே உற்றுப் பார்ப்பதுபோல் நின்றான். பிறகு உண்மையிலேயே உற்றுப் பார்த்தான். பைக் சாவியை எடுத்தான்.

"தம்பி, சாமிப் பொட்டு!"

"சாமி மன்னிச்சுக்கிடும்."

மூன்று விரல் சந்தனம் ஒரு மாசமாகக் காய்ந்து, தட்டின் விளிம்போடு சேர்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. சாவியால் நெம்ப நெம்பப் பாளம் பாளமாக விழுந்தது. குங்குமம் மேசையெல்லாம் தூவியது. அவன் பொத்தானை அமுக்கினான். ங்ங்ங், டக், ஸ்ர்ர்ர்ர்.

தட்டு அழகாக வெளியே வந்து நின்றது. நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

தட்டில் ஒன்றுமே இல்லை.

செண்பகவல்லி மெதுவாகத் தலையில் கை வைத்தாள். பூஜைக்குச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகம் அடுக்கியபோது, "ஞாபகமா வைக்க வேண்டியதெல்லாம் வையி" என்று மாமியார் சொன்னாள். வீட்டுக்காரரின் பரீட்சைப் புத்தகம் இரண்டுக்கும் நடுவே அவள்தான் கல்யாண டிஸ்க்கை எடுத்து வைத்தாள். அதன் பளபளப்பான பக்கத்தில் பொட்டும் வைத்தாள். மறுநாள் புத்தகத்தை எடுத்தவர்கள் படத்துக்குப் பின்னால் சரிந்த டிஸ்க்கை எடுக்கவில்லை. அது இந்நேரமும் அங்கேதான் இருக்கும், சரஸ்வதிக்குப் பின்னால்.

"அண்ணாச்சி" என்றாள் எஸ்தர், பிளைவுட் மேல் இரண்டு கையையும் ஊன்றி. "உள்ள டிஸ்க்கே இல்ல."

ஐகோர்ட்ராஜா காலித் தட்டைப் பார்த்தார். அவர் இமைகூட அடிக்கவில்லை.

"அதைத்தான சொல்லுதேன். டிரைவைத் தெறக்காம எவன் வேணாலும் படிப்பான். டிஸ்க்கே இல்லாமப் படிச்சது இந்தியாவுலயே நான் ஒருத்தன்தான்."

மந்திரமூர்த்தி பெட்டியைத் தூக்கினான். பைக் வரைக்கும் கொண்டுபோய், தங்கையைப் பின்னால் உட்கார வைத்து, அவள் மடியில் அதைக் கொடுத்தான். பிறகு வண்டியைக் கிளப்பாமல் கடைப் பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க பேசுனது பூராத்தையும் ஒரு லாரியில ஏத்தி எங்க மேடைக்குக் கொண்டாங்க. நான் எடை போட்டுத் தாரேன்."

ஐகோர்ட்ராஜாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு வரும் தம்பி?"

"வெறும் லாரி எடை."